தலை சாயும் இடம்

லானி அட்டைப்பெட்டியைச் சமையலறை மேசைமேல் கவிழ்த்தான். துப்பாக்கி உறைகள் பதினேழு விழுந்தன. தோல் உறை, துணி உறை, கெட்டிப் பிளாஸ்டிக் உறை, கணுக்காலில் கட்டுவது, தோளில் மாட்டுவது. ஓக்லஹோமாவின் அந்தப் பக்கத்தில் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்கிற எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. முதல் தடவையே சரியான உறையை யாரும் வாங்கியதில்லை. ஒன்று விலாவில் குத்தும், ஒன்று நழுவும், ஒன்று சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு ஊருக்கே காட்டிக்கொடுக்கும். தூக்கிப் போடவும் மனம் வராது. பெட்டிக்குள் போய்ச் சேரும்.

"எது வேணுமோ எடுத்துக்கோக்கா. கடையே விரிச்சிருக்கேன் பாரு," என்றான்.

ட்வைலா எதையும் தொடவில்லை. காப்பி ஆறிப்போய் மேலே ஏடு கட்டியிருந்தது. நாற்பத்தோரு வயதில், ஒரு சனிக்கிழமைக் காலையில், தன் இடுப்பில் எந்தப் பக்கம் எதைச் செருகுவது என்று தம்பி வீட்டு மேசையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தாடை வலித்தது. பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே வலித்த பிறகுதான் தெரிந்தது.

இனி பிழைக்க மாட்டார்கள் என்று மருத்துவமனை அனுப்பிவிட்டவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் அவள். வெல்மா டாக்கெட்டை அப்படிப் பதினொரு வாரம் பார்த்துக்கொண்டாள். கிழவிக்கு ஒரே மகன், கார்லன். தூரத்து நகரமான விச்சிட்டாவில் இருந்தவன் கடைசி நாள் மதியம்தான் வந்து சேர்ந்தான். ட்வைலா கிழவியின் நாக்குக்கு அடியில் மார்ஃபின் சொட்டுகளை விட்டதைக் கட்டில் அருகில் நின்று பார்த்தான். நாற்பது நிமிடத்தில் மூச்சு நின்றது. அவன் பார்த்தது இந்த இரண்டைத்தான், சொட்டு, சாவு. அதற்கு முந்தைய நாளே மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இருபது விநாடி இடைவெளி விழத் தொடங்கியிருந்ததை அவன் பார்க்கவில்லை. கால்கள் நீலம் பாரித்ததையும் பார்க்கவில்லை. சாகிற எவருக்கும் கடைசி வேளை மருந்து என்று ஒன்று இருந்தே தீரும். கடைசியாகக் கொடுத்தது என்பதால் அதுதான் கொன்றது என்று ஆகிவிடாது. இதை அவள் அவனிடம் அன்றே மெதுவாகச் சொன்னாள். அவன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான், காதில் வாங்கவில்லை.

அது மார்ச்சில். ஏப்ரல் முழுக்கச் செவ்வாயும் வியாழனும் அவள் வீட்டுக்கு எதிரே சாம்பல் நிற பிக்கப் வண்டி ஒன்று நின்றது. கார்லன் இறங்குவதில்லை. உள்ளே உட்கார்ந்து பார்ப்பான். போன வாரம் இரண்டு நோயாளிகள் வீட்டு வாசலிலும் அதே வண்டி. ஷெரிஃப் அலுவலகத்தில் ஓர் இளம் அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். எழுதி முடித்து, "ரோடு எல்லாருக்கும் பொதும்மா. அவன் இன்னும் ஒண்ணும் பண்ணலையே. உங்ககிட்ட இடுப்புல வெச்சுக்க எதாவது இருக்கா?" என்று கேட்டான். வேலை கொடுத்திருக்கிற நிறுவனத்தின் மேலாளரோ, ஆபீசில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, கொஞ்ச நாள் அங்கே உட்கார் என்றாள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுடைய ஐந்து நோயாளிகளும் வேறு யாருக்கோ போவார்கள். அதில் மூவருக்கு இன்னொரு புது முகத்தைப் பழகிக்கொள்ள நாள் மிச்சமில்லை.

"இது என்னோட செல்லம். ஆறு வருஷம் போட்டிருக்கேன்," என்று லானி ஒரு தோல் உறையை நீட்டினான்.

ட்வைலா முதலில் கைப்பையிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்துத் திறந்து குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்தாள். விரலை விட்டும் பார்த்தாள். தோல் உறைக்குள் அதை மெதுவாக இறக்கினாள். பாதி வழியில் நிறுத்தி, "இங்க பாரு," என்றாள். பழைய தோல் தொய்ந்துபோய், உறையின் வாய்விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது. மடிந்த நுனி, துப்பாக்கி விசையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் நாக்கை நீட்டியது போல நுழைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விரல் செய்கிற வேலையைத் தோலே செய்துவிடும்.

"ஆறு வருஷமா உன் தொடைய நீயே குறி பாத்துக்கிட்டிருந்திருக்க," என்றாள்.

லானி உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் காது சிவந்தது. "சரி, இத எடு. பிளாஸ்டிக். மடியாது. வேற துப்பாக்கிக்கு அச்சு எடுத்ததுதான், ஆனா கிட்டத்தட்ட அதே அளவு."

ட்வைலா துப்பாக்கியை அதில் வைத்து, சோபாவுக்கு மேல் தலைகீழாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். துப்பாக்கி மெத்தையில் விழுந்தது.

"கிட்டத்தட்ட," என்றாள். "உங்கம்மாவுக்கு கிட்டத்தட்ட சரியான அளவு மருந்து குடுத்தேன்னு நான் அவன்கிட்ட சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

"என்மேல எதுக்கு எரிஞ்சு விழற? நானா உன் வாசல்ல வந்து நிக்கறேன்?"

அது நியாயம்தான். நியாயமாக இருந்ததாலேயே அவளுக்கு இன்னும் எரிந்தது.

துப்பாக்கி உறை விற்கிற ஒலீட்டாவின் கடை நெடுஞ்சாலையில், டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. வேலைக்குப் போடுகிற உடையிலேயே வா என்று ஒலீட்டா போனில் சொல்லியிருந்ததால், ட்வைலா வெளிர்பச்சை நர்ஸ் உடையில் வந்திருந்தாள். ஒலீட்டா அவள் இடுப்பைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"நாடா. இதுல எதுவும் நிக்காது கண்ணு. உறைங்கறது பாதி வேலைதான் செய்யும், மிச்சப் பாதிய பெல்ட்டுதான் செய்யணும். நாடாவுல மாட்டினா, துப்பாக்கிய உருவும்போது உறையும் கால்சட்டையும் கூடவே வரும்."

லானி சிரித்தான். ட்வைலா சிரிக்கவில்லை.

ஒலீட்டா விரல் அகலத்தில் விறைப்பான ஒரு நைலான் பெல்ட்டை எடுத்து, உடைக்கு அடியில், வெறும் இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டாள். அதில் முன்பக்கமாகக் கெட்டிப் பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டினாள். இறுக்கமாகப் பற்றும் கொக்கி. வேண்டும்போது உறையோடு சேர்த்தே கழற்றிவிடலாம். துப்பாக்கியை மட்டும் வெளியே எடுத்து, திரும்பச் செருகும்போதுதான் விபத்து நடக்கிறது, உறையோடு எடுத்தால் விசையை எதுவும் தொட முடியாது என்றாள். உறையின் பக்கவாட்டில் இறக்கை போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அது பெல்ட்டில் முட்டி, துப்பாக்கியின் பிடியை உடம்போடு அழுத்தும். அப்போதுதான் சட்டைக்கு மேல் தெரியாது. பிறகு நிஜத் துப்பாக்கியின் அதே வடிவத்தில் வார்த்த நீலப் பிளாஸ்டிக் பொம்மையை உறையில் வைத்தாள். கடையில் பழகுவதற்கு அதுதான்.

"எடுக்கறது எப்படின்னு பாத்துக்கோ. இடது கையால சட்டைய மார் வரைக்கும் தூக்கணும். அதுதான் முதல் படி. எதிர்ல இருக்கறவன் விஷயம் தெரிஞ்சவன்னா, சட்டை தூக்கறதப் பாத்தாலே அவன் கை அவன் துப்பாக்கிக்குப் போயிடும். அதனால சும்மா சும்மா சட்டையத் தொடாத, இழுத்து விடாத." ஒலீட்டா பின்னால் நகர்ந்தாள். "இப்ப வேலைல என்னென்ன பண்ணுவியோ, அத்தனையும் பண்ணு. கண்ணாடி முன்னால நின்னு பாக்கறதெல்லாம் பிரயோஜனம் இல்ல."

"லானி, படு," என்றாள் ட்வைலா.

"இங்கயா?"

"சாகக் கிடக்கிற கிழவி எங்க படுப்பான்னு கேப்பாளா? படு."

லானி கம்பளத்தில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "எனக்கு ஐஸ்கிரீம் வேணும்," என்று கிழவிக் குரலில் முனகினான். ட்வைலா மண்டியிட்டு, ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் மற்றதை முட்டிக்கு அடியிலும் கொடுத்து அவனை உட்கார வைத்தாள். எழுப்பியதும் அவன் தலை, எல்லோருடைய தலையும் போல, முன்னால் சரிந்து அவள் அடிவயிற்றில் வந்து சாய்ந்தது. நேராகப் பொம்மைத் துப்பாக்கியின் பிடிமேல்.

"பல்லு போச்சு," என்றான் லானி.

உறையை வலது இடுப்புக்குப் பின்னால் நகர்த்தினாள். நிற்க வைத்தபோது லானியின் கை தானாக அங்கேதான் பிடி தேடியது. எழுந்து நிற்கிற கிழவர்கள் எல்லோரும் பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். இடது பக்கம் வைத்தால், கட்டிலின் கம்பி தட்டும். முதுகின் நடுவில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, மல்லாந்து விழுந்தால் முதுகெலும்பு உடையும், அப்படி வைக்கிற உறையை நான் விற்பதே இல்லை என்றாள் ஒலீட்டா. கணுக்கால் உறையோ, ட்வைலா ஒவ்வொரு முறை குந்தும்போதும் வெளியே எட்டிப் பார்த்தது. மறுபடியும் முன்பக்கத்துக்கே வந்தார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தன பேரு உன்மேல சாயறாங்க, கண்ணு?"

"எல்லாரும்தான்." ட்வைலா நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். "பெல்ட் நான் மாத்தணும். சட்டை ஒரு அளவு பெருசா நான் வாங்கணும். எப்படிக் குனியறது, எப்படி உக்கார்றது, கக்கூஸ்ல எங்க கழட்டி வெக்கறதுன்னு எல்லாம் நான் கத்துக்கணும். நோயாளி வீட்டுக்குள்ள ஆயுதத்தோட போனது தெரிஞ்சா போற வேலையும் என்னோடது. அவன் என்ன மாத்திக்கிட்டான்? வண்டிய நிறுத்தற இடத்தக்கூட மாத்தல."

"இன்னொரு தடவ," என்றாள். லானி படுத்தான். இந்த முறை உறையை இரண்டு விரல் வலப்பக்கமாகத் தள்ளி வைத்திருந்தாள். அவனை எழுப்பி, தலையை உள்ளங்கையில் தாங்கி, இடப்பக்கமாகத் தன்மேல் சாய்த்தபோது கடைக்கதவின் மணி அடித்தது.

"வா கார்லன், நீ கேட்ட உறை வந்தாச்சு," என்றாள் ஒலீட்டா. ட்வைலா அவளிடம் அவன் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

கார்லன் டாக்கெட் உள்ளே வந்தவன் வந்த இடத்திலேயே நின்றான். அம்மா வீட்டு வேலியில் வேலை செய்துவிட்டு வந்திருக்க வேண்டும், முன்னங்கையெல்லாம் கீறல். கம்பளத்தில் மண்டியிட்டிருந்த ட்வைலாவையும், அவள் கையில் இருந்த லானியின் தலையையும் பார்த்தான்.

"எங்கம்மாவயும் இப்படித்தான் பிடிச்சியா?"

"ஒரு நாளைக்கு நாலு தடவ," என்றாள் ட்வைலா. "பதினொரு வாரம்."

"நான் கேக்கறதுக்குத்தான் வர்றேன். நீ கதவத் திறக்கறதே இல்ல."

"வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தா அதுக்குப் பேரு கேள்வியா?"

லானி மெல்ல எழுந்து உட்கார்ந்தான். கார்லனின் பார்வை கம்பளத்தில் கிடந்த கணுக்கால் உறைமேல் போய் நின்றது. "இதெல்லாம் யாருக்காக?"

"உனக்காகத்தான்."

கன்னத்தில் வாங்கியவன் போல அவன் தலை பின்னுக்குப் போனது. "நான் ஒண்ணும் பண்ணலையே," என்றான். அவன் அதை நம்பினான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒலீட்டா நீட்டிய காகிதப் பையை வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

"இவன்தானா?" ஒலீட்டா கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியாது கண்ணு. சத்தியமா தெரியாது."

கண்ணாடி வழியே சாம்பல் நிற வண்டி தெரிந்தது. அவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். இஞ்சின் ஓடவில்லை. செவ்வாயும் வியாழனும் உட்கார்ந்திருப்பது போலவே, இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் வைத்தபடி, கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ட்வைலா எழுந்து கதவைத் தள்ளினாள். "அக்கா, நில்லு," என்று லானி சொன்னது பாதியில் அறுந்தது.

வெளியே வெயிலும் காற்றும். அந்த ஊர்க் காற்று எப்போதும் தெற்கிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அவள் வண்டியின் முன்பக்கம் நோக்கி நேராக நடந்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றது. அந்த இருபது விநாடி, அந்த நீலக் கால்கள், கடைசி வாரம் கிழவி அவன் பெயரைச் சொல்லி எதையோ கேட்டது, அதற்கு அவனாக நடித்து இவள் பதில் சொன்னது. பத்தடி தூரம் இருக்கும்போது கார்லனின் கண்கள் அவள் முகத்திலிருந்து கீழே இறங்கின.

அவளும் குனிந்து பார்த்தாள். காற்று மெல்லிய சட்டையை வயிற்றோடு ஒட்டவைத்திருந்தது. பிடியும், பிடிக்குப் பின்னால் இருக்கும் மேடும் வரைந்து வைத்தது போலத் தெரிந்தன. துணிக்கு மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது நீலப் பொம்மையா கறுப்புத் துப்பாக்கியா என்று தெரியாது.

ஸ்டியரிங்மேல் இப்போது ஒரு கைதான் இருந்தது.

பிளாஸ்டிக் என்று கத்தலாம். கண்ணாடி ஏற்றியிருந்தது, காற்று வேறு. சட்டையைத் தூக்கிக் காட்டினால் ஒரே நொடியில் புரிந்துவிடும். அவள் இடது கை கிளம்பியும்விட்டது. அரை அங்குலம் போனதும், எதைச் செய்யப்போகிறோம் என்று தெரிந்து கை அந்தரத்தில் நின்றது. பின்னால் கடைக்கதவின் மணி அடித்தது. அவள் திரும்பவில்லை.

இரண்டு கைகளையும் மெல்ல, உடம்பை விட்டு விலக்கி, உள்ளங்கைகள் அவனுக்குத் தெரியும்படி முன்னால் நீட்டினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எழுந்திருக்கச் சொல்லி நீட்டுகிற மாதிரியேதான் கைகள் நீண்டன. அவளுக்கு வேறு விதமாக நீட்டத் தெரியவில்லை. காற்று சட்டையை இன்னும் இறுக்கியது. வண்டியின் ஜன்னல் கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கி, அங்கேயே நின்றது.