அக்கா கிளப்பிய தூசி

1

'நான் கிளப்புற தூசிக்கு என்கிட்டயே நியாயம் கேட்டு வந்து நிக்கிறா பாரு!'

மனசுக்குள் இப்படி ஒருத்தி சிரித்ததில்தான் இந்தக் கதை பிறந்தது. யார் சிரித்தாள் என்று பிறகுதான் தேடிப் போனேன். நிலக்கரிச் சுரங்கத்தில் மண் தோண்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டும் ஓர் அக்கா. எதிர் மேட்டில் சூரிய மின்தகடுகளுக்கு மேற்பார்வையாளர், அவளுடைய தங்கை.

2

முதல் தொடக்கம்: "புவி சூடேறிக்கொண்டிருந்த ஒரு காலையில், மானுடம்..." (கொட்டாவி வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "சூரியன் வெட்கத்தோடு..." (மன்னியுங்கள்.)

நடந்ததையே சொல்கிறேன். வருடக் கடைசியோடு கரி எடுப்பதை நிறுத்தவேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குள் அள்ளினால்தான் உண்டு என்று நிர்வாகம் பகலிரவாகத் தோண்டச் சொன்னது. கரித்தூள் பறந்து போய் எதிர் மேட்டு மின்தகடுகள்மேல் உட்கார்ந்தது. அந்த மின்தகடுகளும் அதே சட்டம் கொண்டுவந்தவைதான்! (இந்த இடத்தில் எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை.)

3

"அக்கா, கொஞ்சம் மெதுவாத் தோண்டேன். என் தகடெல்லாம் மை பூசிக்கிட்டு நிக்குது. கரண்டே வரல."

"நான் தோண்டலேன்னா உன் ஆளுங்களுக்குத் துடைக்கிற வேலை ஏதுடி? எல்லாம் என் புண்ணியம்."

"அப்ப நீயும் வந்து துடை. சுரங்கம் மூடினா என்ன பண்ணப்போற? உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன்."

"உன் கீழயா?"

"என் கீழ இல்லக்கா, வெயிலுக்குக் கீழ."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அக்காவின் கை தானாக இயந்திரத்தின் நெம்புகோலைத் தேடியது. அந்த இருக்கையில் ஏறிவிட்டால் அவள் விரலசைவில் ஒரு வீட்டளவு மண் எழும்பும். இறங்கினால் கையில் ஒரு துணி.

4

முடிவு அ: அவள் துணியை வாங்கித் துடைக்கிறாள். தகட்டில் தன் முகம் தெரிகிறது. (அழகாக இருக்கிறது. அதுதான் சந்தேகம்.)

முடிவு ஆ: தகடுகளைத் தாங்கும் கம்பங்களுக்குக் குழி தோண்டவேண்டுமே, அதை அவள்... (அட! இது ஏன் தங்கைக்குத் தோன்றவில்லை? எனக்கும்தான் தோன்றவில்லை. அவளைத் துணியோடு பார்ப்பதிலேயே குறியாக இருந்திருக்கிறேன்.)

5

ஆனாலும் ஆசை விடவில்லை. படியிறங்கி வா, ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் போதும் என்று அக்காவைக் கெஞ்சினேன். கீழே தங்கையும் துணியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அக்கா இயந்திரத்தின் கண்ணாடியை இறக்கினாள்.

"கம்பம் நட யாருடி குழி தோண்டுறா?"

"வெளியாளுங்க. ஏன், இந்த யானையை ஓட்டிக்கிட்டு வரப்போறியா?"

"சின்னதா ஒண்ணு குடு, ஓட்டுறேன்."

தங்கை என்ன பதில் சொன்னாள் என்பதை உங்களிடம் விடுகிறேன். நீட்டிய கையை மட்டும் அவள் இன்னும் மடக்கவில்லை.

அக்கா தங்கையையும் என்னையும் பார்த்தாள்.

"துணி வேணாம்," என்றாள் மெல்ல.