ஊதாமல் உள்ளே போகக்கூடாது

சூளகிரிக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஜப்பான்காரர் கம்பெனியில், கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஒரு குட்டி ஜப்பானியக் கோயில் இருக்கிறது. சிவப்பு மரவாசல், உள்ளே உருவம் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வசந்த காலத்தில் அதற்குத் திருவிழா. பூசாரி இல்லாததால் எம்.டி. நகாடாவே எல்லாம் செய்வார்.

கேட்டில் காவல் சுடலைமுத்து. வள்ளியூர்க்காரன், வேலைக்குச் சேர்ந்து இருபது நாள். ஜனவரியில் குடிபோதையால் ஒரு விபத்து நடந்த பிறகு, குடித்திருக்கிறார்களா என்று மூச்சை ஊதவைத்துப் பார்க்கும் மிஷினை நகாடா வாங்கி வைத்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தால் யாராயிருந்தாலும் உள்ளே விடக்கூடாது. ஒரு மேனேஜரை ஊதாமல் விட்டதற்குத்தான் முந்தைய காவலாளி பிரேம்குமாருக்குச் சீட்டுக் கிழிந்தது. அந்த இடத்துக்கு வந்தவன் சுடலைமுத்து. பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துவந்து, வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

அன்று காலை ஷிப்டுக்கு முன்னால் நாற்பது பேர் மரத்தடியில் நின்றார்கள். அரிசி, உப்பு, தண்ணீர், தலையும் வாலும் வெட்டாத ஒரு மீன், அரிசி மது எல்லாம் படைத்தாயிற்று. வெள்ளைக் காகிதக் கற்றை கட்டிய கோலை நகாடா எல்லார் தலைக்கு மேலும் இடமும் வலமுமாக அசைத்தார். மாவிலைக் கொத்தைத் திருப்பி, காம்பு சாமி பக்கம் இருக்க வைத்தார். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்தார். நாற்பது பேரும் அப்படியே செய்தார்கள். கடைசியில் சின்ன வெள்ளைக் கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு மடக்கு மது. சுடலைமுத்து மட்டும் டூட்டி என்று சொல்லி வாங்கவில்லை.

பிறகு எல்லாரும் கேட்டுக்கு வந்தார்கள். எப்போதும்போல முதல் ஆள் நகாடா.

எச்.ஆர். ரெனிட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணே, இன்னைக்கு மட்டும் மிஷினை உள்ள வச்சிருங்க."

"பிரேம்குமாரும் இன்னைக்கு மட்டும்னுதாம்மா விட்டான். இப்ப குந்தாரப்பள்ளிச் சந்தையில தக்காளிக் கூடை தூக்குதான்."

லேத்தில் வேலை செய்யும் பூங்கொடி பின்னாலிருந்து கேட்டாள். "ஏங்ணா, சாமி பிரசாதத்துக்கும் ஊதோணுமா?"

"சாமியே வந்தாலும் ஊதணும் தாயி. ரூல் நான் போட்டதா?"

சொல்லிவிட்டு, மிஷினின் குழாயை நகாடாவிடம் நீட்டினான். நிறுத்தினால் முதலாளி கோபம், விட்டால் பிரேம்குமார் கதி.

"ஊதுங்க சார்."

நகாடா ஊதினார். சிவப்பு எரிந்தது.

சுடலைமுத்து ரிஜிஸ்டரைப் பிரித்தான். "சார், பேரு?"

நகாடா மிஷினைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பேரைச் சொன்னார். 'அனுமதி இல்லை' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். நாற்பது பேரும் பின்னாலேயே போனார்கள். வாய் கொப்பளித்துவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்து ஊதியபோது, ஒவ்வொருவருக்கும் பச்சை எரிந்தது. உற்பத்தி லைன் ஒரு மணி நேரம் தாமதமாக ஓடியது.

மறுநாள் செக்யூரிட்டி ஏஜென்சியிலிருந்து போன்.

"எம்.டி.யையே நிறுத்தினியாமே?"

"ஆமா சார்."

"உன்னை மாத்தக் கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாருய்யா. மத்த காவலாளி லீவு போட்டா அந்த ஷிப்டும் நீயே பாக்கணுமாம்."

"சம்பளம் ஏதும் கூடுமா சார்?"

சிக்னல் சரியில்லை என்று ஏஜென்சிக்காரர் போனை வைத்துவிட்டார்.