மெக்கானிக் வீட்டுக்கு வந்த டைலர்

அப்பாவை ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமே என்று மகளும் தம்பியும் அவருடைய கட்டிலை வெளியே தூக்கிக்கொண்டிருந்தபோது, தலையணை உறைக்குள் போன் அடித்தது.

"அணைச்சுப் போடுக்கா. அவனுங்கள்ல எவனாவதா இருப்பான்," என்றான் தம்பி.

அவனுங்க என்றால் குடியை விட்டவர்கள், விடப் பார்க்கிறவர்கள். சனிக்கிழமை தோறும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்து, குடித்துச் சீரழிந்த கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற கூட்டம். பஸ் டிப்போ மெக்கானிக்கான அப்பா அதில் சேர்ந்துதான் குடியை விட்டார். அதற்கு முன்னால் அவர் வீட்டைப் படுத்திய பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் இன்று பிணம் வெளியே போகாது. விட்ட பிறகு வேறு தொல்லை, எந்நேரமும் போன். அவள் கல்யாணத்தில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது, இவர் வாசலில் எவனிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில்கூட அப்பா கிடையாது. நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

அணைக்கத்தான் எடுத்தாள். விரல் மாறிப் பட்டுவிட்டது.

"அண்ணே, டைலர் பேசுறேன். பிராந்திக் கடை வாசல்லயே நிக்கிறேண்ணே. கால் உள்ள இழுக்குது. ஏதாவது பேசுங்கண்ணே."

செத்துட்டாருய்யா என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவன் நேரே உள்ளேதான் போவான், அது யாருக்கும் தெரியும். போகட்டும், எனக்கென்ன வந்தது என்று விட்டுவிடவும் முடியவில்லை. அவன் வீட்டிலும் யாராவது கதவுச் சத்தத்துக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"நான் அவர் மக பேசுறேன்."

"அண்ணன் இல்லீங்களாம்மா?"

"வீட்லதான் இருக்காரு. பேச முடியாது. நீங்க கிளம்பி இங்க வாங்க. போனை வைக்காம நடந்து வாங்க."

கட்டிலின் மறுமுனையைப் பிடித்திருந்த தம்பி பல்லைக் கடித்தான். "அப்பா அங்க கிடக்கிறாரு, நீ குடிகாரனோட அரட்டை அடிக்கிறியா?"

அவள் தன் பக்கத்துக் கட்டில் காலைத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"நடக்கிறீங்களா?"

"நடக்கிறேம்மா. ஏதாவது சொல்லுங்க, இல்லன்னா திரும்பிடுவேன்."

என்னத்தைச் சொல்வது? அப்பா போனை எடுத்தாலே படாரென்று கதவைச் சாத்துகிறவளுக்கு என்ன தெரியும்? "எங்கப்பா என்ன சொல்வாரு?"

"புத்தியெல்லாம் சொல்ல மாட்டாரு. அவர் கதையத்தான் சொல்வாரு. உங்க கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க பின்பக்கம் பாட்டிலோட உக்காந்திருந்தாங்களாம். வாடை வந்ததும் இவருக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சாம். வாசலுக்கு ஓடி, கூட்டத்து ஆள் ஒருத்தருக்குப் போன் போட்டு, அழுதுக்கிட்டே பேசிக்கிட்டிருந்தாராம். போட்டோவுல நான் இல்லைடா, ஆனா எம்பொண்ணு கல்யாணத்துல நான் குடிக்கலடான்னு சொல்வாரு." மூச்சு வாங்கியது அவனுக்கு. "அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வராதது. "இப்ப எங்க வர்றீங்க?"

"பெட்ரோல் பங்க் தாண்டிட்டேன்."

"அப்படியே வாங்க. ரெண்டாவது தெரு."

உள்ளே சித்தி கூப்பிட்டாள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட சுடுகாட்டு வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். "ஒரு ஆள் வரணும், நில்லுங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் தம்பியே வாயை மூடிக்கொண்டான்.

தெருமுனையில் ஒரு ஒல்லி ஆள் திரும்பினான். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. வரிசை நாற்காலிகளையும் வண்டியையும் பார்த்து அப்படியே நின்றான். காதிலிருந்து போன் இறங்கியது.

"ஏம்மா, நீங்க சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவன் செருப்பைக் கழற்றினான். அவள் அவனை உள்ளே அழைத்துப்போய் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டாள்.

"யாருடி இது?" என்றாள் சித்தி.

"நம்ம ஆளுதான் சித்தி."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கை உதறி, பாதி சட்டையில் சிந்தியது. அவள் குனிந்து டம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவன் மெதுவாகக் குடித்தான்.