பலாக்கொட்டைத் தக்கடி

புதன்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து கறிக்குழம்பு வாசம் வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பட்டை, சோம்பு, வறுத்த மல்லி, கடைசியில் தேங்காய் என்று வரிசை தப்பாமல் வந்தது. பிரியாணிக் கடையில் காலமெல்லாம் சட்டி கிண்டுகிறவரின் பெண்டாட்டி நான். என் மூக்கை லேசில் ஏமாற்ற முடியாது. பக்கத்து வீட்டுப் பாண்டியராஜுக்கோ வேலை இல்லை. எரியோட்டுப் பக்கம் நூல் மில்லில் இருந்தான். ஆர்டர் இல்லையென்று முதலில் வாரத்தில் பாதி நாள் வரச் சொன்னார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் புதன்கிழமை கறியா? எங்கள் வீட்டிலேயே அன்றைக்குப் பருப்புதான்.

இதையெல்லாம் விசாரிக்க என்னிடம் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் எங்கள் நாகல் நகர் வளவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து குழம்பு, வெஞ்சனம் என்று வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன வெந்ததோ அதில் கொஞ்சம் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆகையால் அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரு கரண்டி ரசம் அனுப்பினால் போதும். மறுநாள் திருப்பினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பாண்டியராஜின் பெண்டாட்டி தீபாவிடம் என் கிண்ணம் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

"ஒம் மூக்கக் கழட்டி ரெண்டு வீட்டுச் சந்துல மாட்டிரு புள்ள. நீயாச்சும் நிம்மதியாத் தூங்குவ" என்பார் என் வீட்டுக்காரர் பக்ருதீன்.

பாண்டியராஜுக்கு வேலை நின்ற இந்த இரண்டு மாதத்தில் கிண்ணம் சொன்ன சேதிகள் கொஞ்சநஞ்சமல்ல. தர்பூசணியின் வெள்ளைச் சதையில் கூட்டு வந்தது. பீர்க்கங்காய்த் தோலில் துவையல் வந்தது. முள்ளங்கியை விட்டுவிட்டு அதன் தழையில் பொரியல், காலிபிளவர் தண்டில் சாம்பார். மார்க்கெட்டில் மாட்டுக்குப் போடுவதையெல்லாம் இவள் தாளித்துவிடுகிறாள் என்று குழாயடியில் சொல்லிவைத்ததே நான்தான். சொல்லிவிட்டு வந்து துவையலை விரலால் வழித்துத் தின்றதும் நான்தான்.

அந்தப் புதன்கிழமை பருப்போடு போன கிண்ணம் குழம்போடு திரும்பி வந்தது. ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். மாவாக விட்டது. எங்கள் இரண்டு அடுப்படி ஜன்னலுக்கும் நடுவில் ஒரு முழச் சந்துதான். அங்கிருந்தே கேட்டுவிட்டேன்.

"என்னடி இது?"

"பலாக்கொட்டைக்கா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டில சிறுமலைப் பழம் அறுத்து விக்கிறாரே, அவரு கொட்டையச் சாக்குல குமிச்சு வச்சிருந்தாரு. எதுக்குண்ணேன்னேன். தூக்கிப் போடத்தான்மான்னாரு. சரி, நான் தூக்கிட்டேன்."

சிரிக்கக்கூட இல்லை, சொல்லிவிட்டுத் தோலுரிக்கப் போய்விட்டாள். இத்தனை வைராக்கியமும் சும்மா வந்ததில்லை. அதற்குக் காரணம் வடமதுரையில் இருக்கிறது.

பாண்டியராஜின் அக்கா பேச்சாயிக்கு வடமதுரையில் மளிகைக் கடை. பெண்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று, வீடு வெறிச்சென்று கிடக்கிறது. போன மாதம் வந்தவள் தம்பியிடம், "சின்னவள எங்கிட்ட விடு. பாலு, பழம்னு வளரட்டும். ஒனக்கும் ஒரு வாய் கொறையும்" என்றாள். கெட்ட எண்ணமில்லை. அந்த வீட்டில் சின்னவள் பவித்ராவுக்குத் தனிக் கட்டில்கூடக் கிடைக்கும். பாண்டியராஜ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அந்தக் குனிவு பாதிச் சம்மதம் என்பது ஜன்னலில் நின்ற எனக்கே தெரிந்தது. தீபாதான் நிமிர்ந்தாள். "எம்புள்ள ஒரு ராத்திரி அரைவயித்தோட படுத்துச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க மதினி. நானே துணிமணி எடுத்து வச்சுத் தாரேன்" என்றாள். சொன்ன சொல்லுக்கு நான் சாட்சி. என்னைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விசயம்.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வளவு வாசலில் ஆட்டோ நின்றது. பேச்சாயி இறங்கினாள், பின்னால் அவள் புருசன் பெருமாள்சாமி. போன் இல்லை, தகவல் இல்லை. அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவள் கையில் ஒரு கட்டைப்பை, காலியாக, நாலாக மடித்தது. பவித்ராவின் துணிமணிக்குத்தான் அது என்று பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"வாங்க மதினி, வாங்கண்ணே" என்று தீபா வாசலுக்கு வந்தாள். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. ஆனால் தண்ணீர் எடுக்க உள்ளே வந்தவள் குக்கர் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு செத்த நேரம் நின்றாள். உள்ளே நாலு பேருக்கு அளந்த சோறு. பக்கத்துச் சட்டியில் நாலு பேருக்கு அளந்த பலாக்கொட்டைக் குழம்பு. பெருமாள்சாமியின் உடம்பைப் பார்த்தால் அவர் ஒருத்தரே இரண்டு பேர்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜும்ஆத் தொழுகை நாளென்று வைத்த தால்சாப் பருப்புக் குழம்பு கொஞ்சம் மீந்திருந்தது. சட்டியில் சேர்ந்தால் பந்தி தாங்குமே என்று கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். வாசலிலேயே பேச்சாயி வாங்கிக்கொண்டாள்.

"நல்ல சனம்! அக்கம்பக்கம்னா இப்படில்ல இருக்கணும்" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏத்தா தீபா, அவுக கிண்ணத்த வெறுமனே குடுத்துறாத. அதான் கொழம்பு கொதிக்குதே, நெறைய ஊத்திக் குடு" என்றாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். இருக்கிறவர்கள் நாலு, வந்தவர்கள் இரண்டு. ஏழாவது வாயாக என் கிண்ணத்தை நானே கொண்டுவந்து நீட்டியிருக்கிறேன்.

"பவித்ராகிட்டக் குடுத்து விடுறேன்க்கா. சுடச்சுட" என்றாள் தீபா.

வீட்டுக்கு வந்து, அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன். வெட்கப்பட அது நேரமில்லை. தீபா அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை இழுத்தாள். ரேஷன் அரிசியைக் கழுவி உலர்த்தி மெஷினில் அரைத்து வைத்திருந்த மாவு. அதை வாணலியில் போட்டு, சிவக்கவிடாமல் வறுத்தாள். நாலு சின்ன வெங்காயம் பொடியாக விழுந்தது. காலைச் சட்னிக்கு எடுத்து வைத்திருந்த அரைமூடித் தேங்காய் துருவலாயிற்று. உப்புப் போட்டுக் கொதித்த தண்ணீரை ஊற்றிக் கிளறினாள். "பவி, கையக் கழுவிட்டு வா" என்றாள். அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து மாவைக் கையில் பிடித்துப் பிடித்துத் தட்டில் அடுக்கினார்கள்.

ஜன்னல் கம்பியோடு மூக்கை ஒட்டிக்கொண்டேன். தக்கடி! போன பெருநாளைக்கு இதே கிண்ணத்தில் நான் அனுப்பிய பண்டம். ஆட்டுக்கறிக் குழம்பில் அரிசிமாவு உருண்டையைப் போட்டு வேகவைப்பது. எப்படிக்கா செய்யிறது என்று மறுநாள் ஜன்னலில் வந்து கேட்டாள். சொல்லிக் கொடுத்துவிட்டு, "கறி இல்லாம தக்கடி இல்ல, பாத்துக்க" என்று கொஞ்சம் மிதப்பாகவே முடித்திருந்தேன்.

பெரிய சட்டிக்குக் குழம்பை மாற்றி, ஒரு செம்பு வெந்நீரை ஊற்றினாள். போச்சு, குழம்பு தண்ணியாகிவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வெந்த கொட்டை ஒரு கை எடுத்துக் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தாள். அதோடு ஒரு உருண்டை மாவையும் கரைத்து விட்டாள். குழம்பு மெல்ல இறுகியது. உருண்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சட்டி விளிம்பு வரைக்கும் ஏறிவிட்டது. குக்கர் மூடியை அவள் திறக்கவே இல்லை. அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலைக்கு ஆயிற்று.

அடுப்படித் தரையிலேயே தட்டுப் போட்டாள். எல்லாருக்கும் உருண்டையும் ஓரத்தில் சொட்டுத் தால்சாவும் வைத்துவிட்டுக் கரண்டியோடு நின்றாள்.

"நீயும் ஒக்காரு" என்றாள் பேச்சாயி.

"நீங்க சாப்புடுங்க மதினி. நான் பெறகு..."

"பொம்பள கடைசில ஒக்காந்தா சட்டில என்ன கெடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நானும் அப்படித் தின்னு வந்தவதான். ஒக்காரு."

தீபா இன்னொரு தட்டை எடுத்தாள். பேச்சாயியின் கண் தன் தட்டைவிட்டு அந்தத் தட்டுக்கே போனது. தீபா தனக்கு நாலு உருண்டை வைத்துக்கொண்டு, குழம்பு ஊற்றி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். இத்தனை நிதானமாக ஒருத்தி தின்று நான் பார்த்ததில்லை.

"கறி பஞ்சா வெந்திருக்கு. எந்தக் கடைல எடுத்த மாப்ள?" என்றார் பெருமாள்சாமி.

பாண்டியராஜ் பெண்டாட்டியைப் பார்த்தான். மூத்தவன் முகேஷ்குமார், "மாமா, அது கறி இல்ல..." என்று தொடங்க, பவித்ரா அவன் தொடையில் கிள்ளினாள்.

பேச்சாயி ஒரு கொட்டையை இரண்டாகப் பிட்டு, உள்ளே பார்த்தாள். கடைக்காரி, அவளுக்குத் தெரியாதா? பிட்டதை வாயில் போட்டுக்கொண்டு, "பேசாமச் சாப்புடுங்க" என்றாள் புருசனிடம். கொஞ்சம் கழித்து, "இதுக்கு என்ன பேரு?" என்றாள்.

"தக்கடி மதினி. கமரக்கா சொல்லிக் குடுத்தது."

என் பேர் வந்ததும் சட்டென்று குனிந்துகொண்டேன். பெருமாள்சாமி மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது. கரண்டி ஒரு தடவைகூடச் சட்டியடியைச் சுரண்டவில்லை.

ஆட்டோ கிளம்பிப் போன சத்தத்துக்கு அப்புறம் பவித்ரா கிண்ணத்தோடு வந்தாள். தட்டுப் போட்டு மூடியிருந்தது. உள்ளே ததும்பக் குழம்பு, நாலைந்து உருண்டை. அதில் ஒன்று சின்னது. அதன் இடுப்பில் சின்ன விரல்கள் அழுத்தின பள்ளம் அப்படியே வெந்திருந்தது.

"இது நான் புடிச்சது பெரிம்மா. அத்தயும் நான் புடிச்சதாத்தான் கேட்டு வாங்குச்சு."

"அப்புறம் அத்த என்ன சொல்லுச்சு?" கேட்காமல் இருக்க நான் என்ன ஆசையெல்லாம் விட்ட அவுலியாவா?

"கெளம்புறப்ப பைய எடுத்து எங்க வீட்டு ஆணில மாட்டுச்சு."

"எதுக்காம்?"

"கெடக்கட்டும்னுச்சு."

கடையிலிருந்து வந்த பக்ருதீன் ஒரு உருண்டையைப் பிட்டு, குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இது கறி இல்ல" என்றார். மென்று முடித்து, "இல்லேன்னு வருத்தமும் இல்ல" என்று இரண்டாவதை எடுத்தார். சின்ன உருண்டையை மட்டும் தொட விடாமல் நான் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் நான் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது தீபாவும் பவித்ராவும் வளவு வாசலில் நுழைந்தார்கள். வேர்த்து விறுவிறுத்திருந்தார்கள். பேச்சாயி மாட்டிவிட்டுப் போன அதே கட்டைப்பை, வாய் வரைக்கும் பலாக்கொட்டை. கனத்தில் தரையைத் தொடப் பார்த்தது. ஒரு காதை அம்மா பிடித்திருந்தாள். இன்னொன்றைப் பவித்ரா, இரண்டு கையாலும், விடாமல்.