பரண்மேல் இருந்த டிஸ்க்

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய பேனாவை அவள் தட்டிவிட்டாள். அது பறந்துபோய் ஹாலின் நடுவே கிடத்தியிருந்த தம்பியின் காலடியில் விழுந்தது. அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"படியில உருண்டு விழுந்தான்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான்" என்றார் அவள் புருஷனின் அண்ணன். "போனவன் திரும்பியா வரப்போறான்? ஸ்டேஷன்ல உக்காந்திருக்கறவனையாவது காப்பாத்து. கட்டின புருஷன்மா."

"படியில விழுந்தவனுக்கு ரெண்டு கையும் எப்படி மாமா நொறுங்கும்?"

"நீ பாத்தியா?"

இன்ஸ்பெக்டரும் இதையேதான் கேட்டிருந்தார். அவள் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டாள்.

முந்தாநாள் மதியம் புருஷன் இரும்புக் கம்பியால் வாசல் கதவைப் பிளந்தபோது, தம்பி அவளைக் குளியலறைக்குள் தள்ளி வெளிப்பக்கம் பூட்டிவிட்டான். புருஷன் அடித்ததில் முன்பல் ஒன்று போய், தம்பியின் இந்த வீட்டுக்கு அவள் வந்து மூன்று மாதம். உள்ளே இருட்டில் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியையும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் கதவு அதிர்ந்தது. பிறகு அதிர்வது நின்றது. கடைசியாகத் தகரம் நொறுங்கும் சத்தம்.

நொறுங்கியது சர்வர். கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது தம்பியின் தொழில். வீட்டிலும் ஹால் மூலையில் ஒரு பெட்டி வைத்து, அதற்குள் நாலு விர்ச்சுவல் மிஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தான். பெட்டி ஒன்றுதான், ஆனால் நாலு கம்ப்யூட்டர் போலத் தனித்தனியாக வேலை பார்க்கும். அதில் ஒன்றுக்கு ஹால் கேமராவைப் பதிவு செய்யும் வேலை. புருஷனுக்கு அது தெரியும். அதனால்தான் ஆளை முடித்த கையோடு கேமராவைப் பிடுங்கி, பெட்டியையும் அப்பளமாக நொறுக்கிவிட்டுப் போனான்.

தம்பியின் காலடியில் கிடந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. பதிவாகிற டிஸ்க் அந்தப் பெட்டியில் இல்லை. போன மாதம் அதைச் சமையலறைப் பரணில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு கேபிள் வழியாக விர்ச்சுவல் மிஷினுக்குக் கொடுத்திருந்தார்கள். தம்பி சொல்லிக்கொடுக்க, கேபிள் இழுத்தவளே அவள்தான்.

"டிஸ்க் பரண்ல இருக்கறது இந்த மிஷினுக்குத் தெரியாதுக்கா. தன் வயித்துக்குள்ளயே இருக்குன்னு நெனச்சுக்கும்."

"உன்ன மாதிரியே ஏமாளின்னு சொல்லு."

அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி ஸ்டூலில் ஏறினாள். பழைய கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு உயிரோடு இருந்தது.

"பெத்த வயிறு எரியுது, நீ பரண்ல என்னடி பண்ற?" என்று அம்மா பின்னாலேயே வந்தாள்.

அம்மாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த புருஷனின் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்து வந்து கேபிளைப் பிடித்து இழுத்தார். அவள் குதித்திறங்கி, ஸ்டூலைத் தூக்கி அவர் முழங்காலில் இறக்கினாள். எலும்பில் மரம் படும் சத்தம். மறுபடி ஓங்கினாள். அவர் தவழ்ந்து வெளியே போனார். அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளே அவளும் அம்மாவும் மட்டும்.

கேபிளை லேப்டாப்பில் செருகி, அதில் புதிதாக ஒரு விர்ச்சுவல் மிஷினைக் கிளப்பி, பரணிலிருந்த டிஸ்க்கைக் கேட்டாள். மறுத்தது. பெயர் தெரிந்த மிஷினுக்குத்தான் டிஸ்க் கொடு என்று தம்பி கட்டளை போட்டிருந்தான். நொறுங்கிப்போன மிஷினின் பெயரையே எழுத்து எழுத்தாக நினைவுபடுத்தி புதிதுக்கு வைத்தாள். கதவை வெளியே தோளால் இடித்துக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் வந்தது. பாதியில் அறுந்த பதிவு. தப்பாக ஒரு எழுத்து விழுந்தாலும் எல்லாம் போய்விடும். படிக்க மட்டும் என்று திறந்தாள்.

திரையில் புருஷன் கையை நீட்டிக் குளியலறைச் சாவி கேட்டான். தம்பி அதை ஜன்னல் வழியாக வீசினான். முதல் அடி தோளில். வாசல் விரியத் திறந்துகிடந்தது, ஓடியிருக்கலாம். அவன் பின்னாலேயே நகர்ந்துபோய்க் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டான். கதவு ஏன் அதிர்ந்தது என்று அப்போதுதான் அவள் பார்த்தாள்.

கண்ணை மூடவில்லை. கடைசி அடிவரை பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"சார், பாத்தியான்னு கேட்டீங்களே. பாத்துட்டேன். வாங்க."

கதவில் இடிப்பது நின்றிருந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் முன்னாடி போடுடி. அவன் வர்றதுக்கு முன்னாடி."

போட்டாள். தம்பி தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு காலால் மறு காலைச் சொறிந்துகொண்டான். எதையோ சொல்லிச் சிரித்தான். கேமராவில் சத்தம் கிடையாது.

"வண்டி வந்தாச்சும்மா, எடுக்கணும்" என்று வெளியே யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்கப்பா" என்றாள். "சாப்ட்டு முடிக்கட்டும்."