மிஞ்சிய ஓர் இணைப்பு

நான் எதையும் தொடவில்லையே, நீ யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?

கம்ப்யூட்டரை அவள் இப்படி வாய்விட்டுக் கேட்கவில்லை. கணவன் இறந்துபோன இந்த ஏழு மாதத்தில் வாய்விட்டுக் கேட்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்யும் அறிக்கைகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்வது அவள் வேலை. இரண்டு நாளாக ஒலிப்பதிவுகள் வந்து இறங்கத் தாமதமானது. கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகும் இணைப்புகளின் பட்டியலைத் திறக்கச் சொன்னான். முப்பத்தோரு வரி. எல்லாம் முன்பின் தெரியாத சர்வர்கள்.

"பதறாதீங்க மேடம், முக்கால்வாசி நம்ம ஆளுங்கதான். ஒருத்தன் மணி கேக்கப் போவான், ஒருத்தன் அப்டேட் இருக்கான்னு எட்டிப் பாப்பான். எந்த புரோகிராம் கூப்பிடுதுன்னு பக்கத்துலயே பேர் இருக்கும். தெரிஞ்சதை அடிச்சுட்டே வாங்க. மிஞ்சறவன்தான் அழையா விருந்தாளி."

தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்தாள். கடிகாரம். வைரஸ் காவல். பிரின்டர். ஒன்று மிஞ்சியது. தூரத்திலிருந்து இந்தத் திரையைப் பார்க்கும் புரோகிராம். நிறுவிய தேதி, கணவனை அடக்கம் செய்த மறுநாள். அன்று அக்கா இதே நாற்காலியில் உட்கார்ந்து, "பிரின்டர் மக்கர் பண்ணுதுடி, பாத்துத் தரேன்" என்றாள். ஆபீஸில் அக்காவுக்கு அதுதான் வேலை. நூறு பேருடைய கம்ப்யூட்டரை இருந்த இடத்திலிருந்தே சரிசெய்வாள்.

வேலைக்கு நடுவே அவள் ஒரு கோப்பில் கணவனுக்கு எழுதுவாள். 'இன்றும் சாப்பிடவில்லை' என்று எழுதிய நாளெல்லாம் கால் மணியில் அக்காவின் போன் வரும். "என்னமோ மனசு கேக்கலடி, சாப்பிட்டியா?" கூடப்பிறந்தவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தாள். அந்த ஒன்றைத்தான் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்கியபின் மரத்த உதட்டைத் தொட்டுப் பார்ப்பது போலிருந்தது. இணைப்பைத் துண்டித்தாள்.

பத்து நிமிடத்தில் போன்.

"என்னடி, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்லக்கா. ஆன்லதான் இருக்கு."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்துட்டியா... திட்டுடி, நல்லாத் திட்டு. இவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு நான் வேற என்ன பண்றது? உன் வாயைத் திறக்க வைக்கறதுக்குள்ள என் உசுரு போயிடும்."

"எல்லாத்தையும் படிச்சியா?"

"படிச்சேன்."

"அவரோட சட்டையைத் துவைக்காம வச்சிருக்கேன்னு எழுதினதையுமா?"

 அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் திரும்ப உள்ள வர்றதுக்கு, திரையில புதுசா ஆறு நம்பர் வந்திருக்கும். அதை மட்டும் சொல்லுடி கண்ணு. அந்தக் கோப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

ஆறு எண்களும் கண்ணெதிரே இருந்தன. அவள் அவற்றை இரண்டு முறை படித்தாள்.

"இன்னிக்கும் சாப்பிடலக்கா," என்றாள். "இனிமே நானே சொல்றேன்."

"சரி, நம்பரு?"

"அது வேண்டாம்க்கா."