நாங்க

தங்கையின் பைக்குத் தோளில் மாட்டும் பட்டையை அழுத்தித் தைத்துக்கொண்டிருந்தேன். புதுப் பைதான். ஆனால் கடைப் பைகளில் பட்டை சேருமிடத்தில் ஒரே ஓட்டாக ஓட்டி விட்டிருப்பார்கள், பாரம் ஏறியதும் நூல் பல்லைக் காட்டிவிடும். அந்த இடத்தில் சதுரமாக ஒரு கட்டம் ஓட்டி, அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டுவிட்டால் பையே கிழிந்தாலும் பட்டை கழன்று வராது. பைக்குள் இருந்ததையெல்லாம் கொட்டி, வெட்டும் மேஜையின் ஓரத்தில் குவித்து வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் கடையின் ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கியிருந்தேன். அதன் கீழே தெருவில் போகிறவர்களின் கால்கள் முட்டி வரைக்கும் தெரிந்தன. யாருடையவை என்று தெரியாத கால்கள், வலியில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

மேஜையின் மிச்ச இடத்தில் வரைபடம் விரிந்து கிடந்தது. அது சுருளாமல் இருக்க மூலைக்கு ஒன்றாக என் கத்தரிக்கோலையும் ஊசி டப்பாவையும் நூல்கண்டுகளையும் எடுத்து வைத்திருந்தாள் என் நாத்தனார். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்குத் தலைமை நர்ஸ். வீட்டில் அவளுக்குக் கமாண்டர் என்று பெயர். வைத்தது அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர். ஆனால் அவள் காதுபட ஒருநாளும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

யாத்திரையின் முதல் நாள்தான் மலை. அதைத் தாண்டிவிட்டால் சன்னிதி வரைக்கும் சமவெளி, ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நடை. அந்த முதல் நாளைத்தான் அவள் விரலால் ஏறிக்கொண்டிருந்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடணும். வெயில் ஏறுறதுக்குள்ள இந்தக் காட்டத் தாண்டிடணும், அதுக்கப்புறம் நிழலே கிடையாது. இதோ, உச்சிகிட்ட ஒரு கொட்டகை. அங்க தண்ணி பிடிச்சுக்கலாம், ஆனா உக்காரக் கூடாது. உக்காந்தா எழுந்திருக்க மனசு வராது."

"உங்க வார்டுலகூட ஆளுங்கள உக்கார விடுவாங்களே" என்றாள் தங்கை.

"அதனாலதான் அவங்க இன்னும் வார்டுலயே இருக்காங்க."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பையைத் திருப்பிப் பெருக்கல் குறியின் முதல் கோட்டை ஆரம்பித்தேன்.

"மத்தியானம் உச்சி. நாலு மணிக்கெல்லாம் நாங்க கீழ இறங்கிடுவோம். நீங்க அதுக்குள்ள ரூம் சாவிய வாங்கி வெச்சிருங்க, அண்ணி."

மெஷின் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கை துணியை நகர்த்தியது. கோடு முடிந்த இடத்தில் நிறுத்தத் தோன்றாமல் கட்டத்துக்கு வெளியே சில தையல்கள் போய்விட்டன.

ஒருவேளை வாய் தவறியிருக்கலாம். நாலு பேருக்கு நடுவில் நாள் முழுக்க உத்தரவு போடுகிறவள், அவசரத்தில் எதையாவது சொல்லிவிடுவாள். ஆனால் இந்த ஒரு வார்த்தையில் யாருக்கும் வாய் தவறுவதில்லை. பேச ஆரம்பித்த குழந்தைகூட 'நாம' என்று சொல்லும்போது நம்மைச் சேர்த்துக்கொள்கிறது, 'நாங்க' என்று சொல்லும்போது கதவைச் சாத்திக்கொள்கிறது. நான் தங்கையைப் பார்த்தேன். அவள் வரைபடத்தில் எந்த ஊரையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நாங்கன்னா யாரு?" என்று கேட்டேன்.

கமாண்டர் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தாள். "நீ இன்னும் சொல்லலையா?"

"நீங்க சொல்றேன்னுதானே சொன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்? அக்காவாச்சே, பக்குவமா நீயே சொல்லுன்னுதானே சொன்னேன்."

இரண்டு பேரும் என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, யார் சொல்லியிருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டார்கள். வெளி ஆளாக இருந்திருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. போன மாதம் பழக்கத்துக்காக ஏரிக்குப் பின்னாலிருக்கும் குன்றில் ஏறி இறங்கினோம். ஏறும்போது நான்தான் முன்னால் போனேன். இறங்கும்போது வலது முட்டிக்குள் யாரோ குண்டூசியை நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. மரத்தைப் பிடித்து, பாறையைப் பிடித்து, பூ பறிக்கிற சாக்கில் நின்று இறங்கினேன். கீழே இரண்டு பேரும் ரொம்ப நேரம் காத்திருந்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன் என்றேன். அப்படியா என்றார்கள். நம்பிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

"வீட்டுல நீங்க துணிய இழுத்து இழுத்து மூடினாலும் வீக்கம் வீக்கம்தான், அண்ணி. எத்தனை முட்டி பாத்திருக்கேன். நடு மலையில அது பூட்டிக்கிச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் உங்களத் தூக்க முடியுமா? மலையச் சுத்தி வண்டி போகுது. ஜம்முனு உக்காந்து வாங்க. பைங்களும் உங்ககூட வந்துடும். எங்களுக்கும் பாரம் இல்ல, உங்களுக்கும் சிரமம் இல்ல. மறுநாள்லேருந்து தரைதானே, எல்லாரும் சேந்து நடக்கலாம்."

வண்டியில் போகப்போகிற பைக்குத்தான் இவ்வளவு நேரம் பட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

கோபப்படக்கூட ஒரு பிடி வேண்டும். அவள் சொன்னதில் பொய் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. இரண்டு பேரும் என்மேல் இருக்கிற அக்கறையில்தான் எனக்குத் தெரியாமல் கூடிப் பேசியிருக்கிறார்கள். எங்கே தொட்டாலும் வழுக்கியது. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

இந்த யாத்திரையை ஆரம்பித்து வைத்ததே நான்தான். பல வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளர், கீழ் மடிப்பு முழுக்கக் கிழிந்துபோன பேன்ட்டோடு வந்தார். துவைத்தும் போகாத செம்மண். எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "மலை ஒண்ணுதாம்மா நடை, மத்ததெல்லாம் வெறும் ரோடு" என்றார். அன்றிலிருந்து அந்த மலை என் தலைக்குள் நிற்கிறது. சன்னிதியில் போய்க் கேட்க எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தங்கைக்கு உண்டு. அவளோடு பேசாமலிருக்கும் மகளைப் பற்றி அவள் யாரிடமும் சொல்வதில்லை, அங்கே சொல்வாள். எனக்கு வேண்டியது மலைதான். என் மெஷினுக்குக் கீழே, முழங்காலுக்கு நேராக ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. முட்டியால் அதைத் தள்ளினால் துணியை அழுத்தியிருக்கும் பாதம் மேலே எழும்பும், விட்டால் இறங்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தள்ளுகிறேன் என்று எனக்கே தெரியாது. இந்த ஊரில் யாரையும்விட அதிகமாக வேலை செய்த முட்டி, இத்தனை வருடத்தில் ஒரு அடி தூரம்கூடப் போனதில்லை. ஒரு நாளாவது அது என்னை எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்று இருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கமாண்டர் களிம்பு எழுதிக்கொடுப்பாள்.

"மலைய ரெண்டு நாளாப் பிரிச்சா என்ன?" என்றேன். "கொட்டகையில ராத்திரி தங்கிட்டு மறுநாள் இறங்கலாம்."

தங்கை இப்போதுதான் மறுபடி வாயைத் திறந்தாள். "எனக்கு லீவு அவ்வளவுதான்கா. அடுத்த திங்கக்கிழமைக்கு முன்னாடி கிளம்ப முடியாது. வழியில ஒரு நாள் கூடிச்சுன்னா சன்னிதியப் பாக்காமலே நான் பஸ் ஏறணும்." குரல் உடைகிற பக்கமாகப் போனது. "உனக்காகன்னா பரவாயில்ல. நீ சொல்லு, நான் விட்டுடறேன்."

விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா என்பதுதான் எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

ஓடிப்போன தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். அழுத்தித் தைத்ததைப் பிரிப்பது பெரிய பாடு. தையல் பிரிக்கும் கொக்கியை நூலுக்கடியில் நுழைத்து ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும், அவசரப்பட்டால் துணி போய்விடும். அறுத்துக்கொண்டே வரைபடத்தைப் பார்த்தேன். அதன் மடிப்பு சரியாக மலைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. கொட்டகையின் பெயர் அந்த மடிப்பில் பாதி தேய்ந்திருந்தது. இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் இறக்கம். ஏற்றத்தில் எனக்கு வலியில்லை.

"அப்ப நான் ஒரு நாள் முன்னாடியே கிளம்புறேன்" என்றேன். "வர்ற ஞாயித்துக்கிழமை மெதுவா ஏறி கொட்டகையில படுத்துக்கறேன். திங்கக்கிழமை நீங்க ஏறி வர்றதுக்குள்ள பாதி இறக்கத்துல இருப்பேன்."

"தனியாவா?" என்றாள் கமாண்டர். "அந்தக் கொட்டகைக்குக் கதவுகூடக் கிடையாது, அண்ணி."

"பூட்டி வைக்க என்கிட்ட என்ன இருக்கு?"

"விளையாடாதீங்க. இறக்கத்துல முட்டி புடிச்சுக்கிட்டா?"

"நண்டு மாதிரி கோணலா இறங்குவேன். பின்னாடி நீங்கதானே வர்றீங்க."

"அதுக்கு முன்னாடியே புடிச்சுக்கிட்டா?"

அவள் என்னைத் தோற்கடித்த மாதிரி பார்க்கவில்லை. நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"நாம மூணு பேரும் சேந்து போகணும்னுதானே ஆரம்பிச்சோம்" என்றாள் தங்கை. "இப்ப நீ பாட்டுக்குத் தனியாக் கிளம்பினா என்ன அர்த்தம்?"

நான் விலகுகிறேன் என்றதும்தான் 'நாம' வந்தது. சுட்டிக்காட்டலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே தெரிந்திருக்காது.

கமாண்டர் தன் மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப பைய யாரு கொண்டு வர்றது?" என்றாள்.

வெளியே ஒரு ஜோடிக் கால் ஷட்டருக்கு முன்னால் நின்று, கடை திறந்திருக்கிறதா என்று யோசித்துவிட்டுப் போனது. நான் கோட்டை மறுபடி ஓட்டி, பெருக்கல் குறியை முடித்து, நூலை வெட்டிப் பையைத் தங்கையிடம் தள்ளினேன். அவள் பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். பலமாக, கோபத்தோடுதான் இழுத்தாள். பட்டை அசையவில்லை.

பிறகு குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். இரண்டு மாற்றுத் துணி உள்ளே போனது. பெரிய ஃபிளாஸ்கை எடுத்தாள், கையில் வைத்து எடை பார்த்தாள், வரைபடத்தின் மேலேயே வைத்துவிட்டாள். காற்றடைத்த தலையணையும் அங்கேயே போனது. இன்னொரு ஜோடிச் செருப்பு. முடி உலர்த்தும் மெஷின். அதைப் பார்த்து மற்ற நேரமாக இருந்தால் கமாண்டர் ஏதாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொன்றுக்கும் பையைத் தோளில் மாட்டிப் பார்த்து இறக்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டாதவை மலைமேல் குவிந்துகொண்டே போயின.

கமாண்டரின் பை இன்னும் அவள் மடியில் இருந்தது, பிதுங்கப் பிதுங்க நிறைந்து, ஜிப் மூடி. அதன்மேல் அவளுடைய இரண்டு கையும் இருந்தன. அடுத்து அந்தப் பைதான் தைக்க வேண்டும். நான் கையை நீட்டினேன். அவள் தரவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

முட்டியால் கம்பியைத் தள்ளிப் பிடித்தேன். உள்ளே அந்தக் குண்டூசி மெல்ல நிமிர்ந்தது. மெஷினின் பாதம் மேலே எழும்பி, அடியில் ஒன்றுமில்லாமல், அப்படியே நின்றது.